உட்துறைமுக வீதிக் கந்தோரில் ஒரு வெற்றிடம்

பாலையூற்று,
திருகோணமலை.
09.03.1992

அன்புள்ள மாகிறேற் அக்காவுக்கு,

அம்மாவும் நானும் இங்கே சுகமாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் மட்டும் ஏலாது. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. நீங்களும் அத்தானும் எப்படி? அனுப்பிய காசு கிடைத்தது. அரிசிக்கும் அம்மாவின் மருந்துக்கும் சரியாய்ப் போய்விட்டது.

ஒரு புதினம். உட்துறைமுக வீதியில் கப்பல் ஏஜென்ட் கந்தோர் ஒன்று இருக்கிறதல்லவா, கோதுமை மாக்கப்பலுக்கும் சீமெந்துக் கப்பலுக்கும் கடதாசி வேலை பார்க்கிறவர்கள். அங்கே ஒரு கிளாக்கர் வேலை இருக்கிறதாம். ரைப் அடிக்கத் தெரிய வேண்டும், கொஞ்சம் இங்கிலிசு வேண்டும். இன்று நானே விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே பெரிய கிளாக்கர் யாரென்று நினைக்கிறீர்கள்? நம்முடைய கோயிலில் பூசைக்கு வாசகம் வாசிக்கிற பேணாட் ஐயாதான். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, வேதாகமம் வாசிப்பதுபோல என் விண்ணப்பத்தை முழுவதும் வாசித்தார். "நல்லது பிள்ளை, சொல்லி அனுப்புவம்" என்றார்.

சண்டை திரும்பத் தொடங்கியதிலிருந்து எத்தனை இடத்துக்கு எழுதிவிட்டேன். ஒருவராவது இல்லை என்றுகூட எழுதியதில்லை. இவர் முகத்தைப் பார்த்தாவது கதைத்தார்.

அத்தானை அம்மா விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
கிறேஸ்

•

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
27.03.1992

அன்புத் தங்கை கிறேஸ்,

உன் கடிதம் ஆடி அசைந்து நேற்றுத்தான் வந்து சேர்ந்தது. யாரோ உடைத்து வாசித்துவிட்டு ஒட்டியிருக்கிறார்கள். அம்மாவின் முழங்காலைப் பற்றி அவர்களுக்கும் இப்போது தெரியும். நாங்கள் இருவரும் நல்ல சுகம்.

இனி நான் சொல்வதைக் கேள். "சொல்லி அனுப்புவம்" என்றால் ஒருவரும் சொல்லி அனுப்பமாட்டார்கள். எங்கள் கந்தோருக்கு வருகிற விண்ணப்பங்களை அடுக்கி வைக்கிறவள் நான். வந்து கேட்கிற ஆளின் கடதாசி மேலே வரும். கேட்காத ஆளின் கடதாசி அடியில் கிடந்து பூச்சி தின்னும். ஆகவே இரண்டு கிழமை கழித்து ஒரு நினைவூட்டல் கடிதம் எழுது. நாலு வரிக்கு மேல் வேண்டாம். பிறகு நேரே போ. பியோனிடம் கேட்டுவிட்டுத் திரும்பி வராதே, பேணாட் ஐயாவையே பார். நீலச் சீலையைக் கட்டிக்கொண்டு போ. வீட்டுக் கஷ்டத்தை மட்டும் சொல்லாதே, கஷ்டத்தைச் சொல்கிறவர்களைக் கண்டால் கந்தோர்க்காரருக்குப் பயம்.

ஒன்றும் நடக்காவிட்டால் திரும்பவும் போ. உனக்கு வெட்கமாக இருக்கும். இருக்கட்டும்.

அம்மாவுக்குத் தைலம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், ஆள் வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

அக்கா,
மாகிறேற்

•

பாலையூற்று,
05.05.1992

அன்புள்ள அக்கா,

உங்கள் சுகத்துக்கும் அத்தானின் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறோம். நாங்கள் இருக்கிறோம்.

நீங்கள் சொன்னபடி எல்லாம் செய்தேன். கடிதம் போட்டேன். நீலச் சீலையும் கட்டினேன். துறைமுகப் பக்கம் திரும்புகிற இடத்துக் காவல் சென்றியில் நேவிக்காரன் மறித்தான். எங்கே என்றான். கந்தோருக்கு என்றேன். அங்கே வேலையா என்றான். இல்லை, வேலை கேட்கப் போகிறேன் என்றேன். போன முறையும் இதைத்தானே சொன்னாய் என்றான். அவனுக்கே என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும், பையைத் திறக்கச் சொல்லாமல் விட்டுவிட்டான்.

கந்தோர் வாசலில் வாங்கு ஒன்று போட்டிருக்கிறது. நான் போகிற நாளெல்லாம் அதில் இன்னொரு பெண்ணும் இருப்பார். பூசையில் கண்ட முகம். அவரும் என்னைப்போல வேலைக்குப் போட்டிருக்கிறார் என்று நினைத்து முதலில் எனக்கு எரிச்சல். பேணாட் ஐயா உள்ளே கூப்பிடட்டும் என்று நின்றபோது பியோன் சரீப் நானா என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "புள்ள, நீ கேக்கிறது ஆர்ர இடம் தெரியுமா? இந்தா இருக்கிறாவே, இவட மனிசன்ர இடம்."

அவர் பெயர் அருள்மலர். புருசன் நிக்கலஸ் அந்தக் கந்தோரில் கிளாக்கர். போன வருசம் புரட்டாதியில் வவுனியாவுக்குப் போன பஸ்ஸிலிருந்து நடுவழியில் இறக்கி எடுத்தார்கள். யார் எடுத்தது என்று ஆளுக்கொரு கதை. உப்புவெளி வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு பிள்ளைகளோடும் இங்கே தமக்கை வீட்டுக்கு வந்துவிட்டார். கந்தோர் இன்னும் பாதிச் சம்பளம் கொடுக்கிறது. அவர் ஏதாவது சேதி வந்ததா என்று கேட்கப் போகிறார், நான் வேலை என்ன ஆயிற்று என்று கேட்கப் போகிறேன். ஒரே வாங்கில் இருக்கிறோம்.

எனக்கு இனிமேல் அங்கே போக மனம் இல்லை.

கிறேஸ்

•

கொட்டாஞ்சேனை,
23.05.1992

கிறேஸுக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே சுகம்.

அந்தப் பெண்ணுக்காக நானும் செபிக்கிறேன். ஆனால் நீ கேட்பது வேலையை. அவரின் புருசனை நீ எடுத்து ஒளித்து வைக்கவில்லை. இடம் இருக்கிறபடியால்தானே விண்ணப்பம் வாங்கினார்கள். நீ போகாமல் விட்டால் இன்னொருத்தி நீலச் சீலை கட்டிக்கொண்டு போவாள். அவளுக்கு வாங்கில் இருப்பது யாரென்றுகூடத் தெரியாது.

தற்காலிகமாகவாவது எடுக்கச் சொல்லிக் கேள். மனம் இல்லை என்று எழுதாதே. மனம் வைத்து இந்த ஊரில் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை.

இந்த மாதம் காசு கொஞ்சம் பிந்தும்.

மாகிறேற்

•

பாலையூற்று,
02.08.1992

அன்புள்ள அக்கா,

இரண்டு மாதமாகக் கடிதம் போடவில்லை என்று கோபிக்க வேண்டாம். ஒரு கிழமை ஊரடங்கு, ஒரு கிழமை பஸ் இல்லை, மற்றக் கிழமைகளில் எனக்கு எழுத ஒன்றும் இல்லை.

போய்க்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது அருள்மலர் அக்காவோடு நல்ல பழக்கம். இடம் பிடித்து வைக்கிறார். பேணாட் ஐயா வெளியே வந்தால், தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று அவர் எழுந்து பைப்படிக்குப் போய்விடுவார். முதலில் எனக்கு விளங்கவில்லை. நான் கேட்பதைக் கேட்கக்கூடாது என்று, எனக்காகத்தான் எழுந்து போகிறார். அக்கா, ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

போன கிழமை ஐயா என்னை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்: "பிள்ளை, எங்களுக்கும் ஆள் இல்லாமல் முறியுது. ஆனா கொழும்பில பெரியவை சொல்லிப்போட்டினம், நிக்கலஸ் வரவேணும், இல்லாட்டி அவர் இனி வரமாட்டார் எண்டு வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவேணும், அதுவரைக்கும் அந்த இடத்தில ஆள் போடேலாதாம். அருள்மலர் ஒரு வார்த்தை சொன்னாக் காணும். நான் எப்பிடிக் கேக்கிறது? நீங்கள் ரெண்டு பேரும் பொம்பிளையள், நீர் ஒருக்காக் கதைச்சுப் பாருமன்."

நான் கதைக்கவில்லை. எந்த வாயால் கதைப்பது?

இன்னொன்று. அடிக்கடி கொழும்புக்குப் போய்வருகிற நஜ்முன் நிஸா ரீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னேரத்தில் நீங்கள் தையல் கடை ஒன்றில் இருந்து கொலர் தைப்பதைக் கண்டாராம். அத்தானின் அச்சகம் பெரிய வெள்ளியோடு பூட்டியாயிற்றாம், அவர் வீட்டில்தானாம். அம்மா கேட்டுக்கொண்டு இருந்தார், பிறகு அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஏன் எங்களுக்கு எழுதவில்லை?

கிறேஸ்

•

கொட்டாஞ்சேனை,
29.08.1992

கிறேஸ்,

காசு அனுப்பியிருக்கிறேன். அம்மாவைச் சாப்பிடச் சொல்.

நிஸா ரீச்சருக்கு எல்லாம் கதைதான்.

அருள்மலரோடு கதைத்தாயா?

மாகிறேற்

•

பாலையூற்று,
04.10.1992

அன்புள்ள அக்கா,

சுகம் கேட்டு எழுதுகிறேன். உங்கள் கடிதத்தில் எழுத்தைவிட வெறும் இடம்தான் கூட. அதையும் வாசித்துப் பார்த்தேன்.

கதைக்கத்தான் போனேன். கோயிலுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் தமக்கையின் வீடு. குசினியில் இருத்திப் பிளேன்ரீ தந்தார். சின்னவள் என் மடியில் ஏறிவிட்டாள். நான் வாய் திறக்க முன்னரே அருள்மலர் அக்கா சொல்லிவிட்டார்: "கிறேஸ், நீ என்னத்துக்கு வந்தனி எண்டு தெரியும். கேக்காத. நீ ஒருக்காக் கேட்டியெண்டால் பிறகு அது என்ர காதுக்குள்ள இருந்து ஒவ்வொரு நாளும் கேக்கும். உன்னில எனக்குக் கோவம் இல்லை. உனக்கும் வீடு இருக்கு."

நான் கேட்கவில்லை. மீன் விலையைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்தேன்.

இனி அந்தக் கந்தோருக்குப் போகமாட்டேன், அக்கா. களைத்துப்போனேன். நடந்து களைத்தால் படுத்தால் தீரும், இது தீரவில்லை. வேறு இரண்டு இடத்துக்கு எழுதியிருக்கிறேன். அம்மா நடந்ததையெல்லாம் ஒன்றும் விடாமல் கேட்டார், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியும், அம்மா சொல்லாமல் விடுகிற ஆள் இல்லை.

கிறேஸ்

•

கொட்டாஞ்சேனை,
22.10.1992

அன்புத் தங்கை கிறேஸுக்கும் அம்மாவுக்கும்,

இதை நிஸா ரீச்சரின் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். அவரிடம் இனி மறைக்க ஒன்றும் இல்லை. அம்மாவுக்கும் வாசித்துக் காட்டு.

நான் முழுகாமல் இருக்கிறேன். நாலாம் மாதம். இத்தனை வருசம் கழித்து, இந்த நேரத்தில்தான் ஆண்டவருக்கு மனம் வந்தது. போன கிழமை தையல் கடையில் மயங்கி விழுந்துவிட்டேன். இரண்டு வேலையும் செய்யக்கூடாது என்று டாக்குத்தர் சொல்கிறார். அத்தானுக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை. திருகோணமலை என்று அடையாள அட்டையில் கண்டதும் யோசிக்கிறார்கள். அவர் நல்ல மனிசர், ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. ஆனால் நான் உங்களுக்குக் காசு கட்டுகிற நாளில் வெளியே போய் நிற்பார்.

நான் எழுதாமல் விட்டது ஏனென்றால், தெரிந்தால் நீ அழுத முகத்தோடு கந்தோருக்குப் போவாய். அழுத முகத்துக்கு ஒருவரும் வேலை கொடுக்கமாட்டார்கள்.

தைமாதத்துக்குப் பிறகு என்னால் அனுப்ப ஏலாது. அதைத்தான் எழுத வந்தேன், சுற்றிச் சுற்றி எழுதிவிட்டேன்.

மாகிறேற்

•

பாலையூற்று,
14.11.1992

அன்புள்ள அக்கா,

கடவுள் உங்களையும் வயிற்றில் இருக்கிறதையும் காக்கட்டும். உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னார்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. மார்கழி முதலாம் திகதி வரச்சொல்லிக் கடிதம். சந்தோசப்பட முன் மிச்சத்தையும் வாசியுங்கள்.

மரித்தோர் திருநாளுக்கு ஒவ்வொரு வீட்டிலும் தங்கள் செத்தவர்களின் பெயரை எழுதிப் பீடத்தடிப் பெட்டியில் போடுவோமல்லவா. ஒவ்வொரு வருசமும் அப்பாவின் பெயரை நான்தான் எழுதுவேன். இந்த வருசம் அம்மா முழங்காலையும் இழுத்துக்கொண்டு தானே எழுதி, தானே கொண்டுபோய்ப் போட்டார். பூசையில் பேணாட் ஐயா பெயர்களை வாசித்தார். அப்பாவின் பெயர் வந்தது. அதற்கு அடுத்ததாக அவர் கொஞ்சம் நின்று, தேவசகாயம் நிக்கலஸ் என்று வாசித்தார்.

அருள்மலர் அக்கா எனக்கு முன்னால் இருந்தார். எல்லோரும் எழுந்தபோது அவர் எழவில்லை. முழந்தாளிலேயே இருந்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்: "ஓம், நான்தான் வேற துண்டில எழுதிப் போட்டனான். அந்தப் பெடியன் செத்திருந்தால் கார்த்திகையில அவனுக்கு ஒரு செபம் வேண்டாமே? உயிரோட இருந்தால் செபம் அவனை என்ன செய்யப்போகுது?" பெயரை வாசிக்கிறது யாரென்று தெரியும்தானே அம்மா என்று கேட்டேன். "என்ர மூத்தவள் மயங்கி விழுறாள்" என்றார். அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

பெயரைக் கொடுக்கிறது வீட்டுக்காரர்தானே. அருள்மலரே கொடுத்துவிட்டார் என்று ஐயா கந்தோரில் சொல்ல, கொழும்புக்கும் தந்தி அடித்தாயிற்று. பாதிச் சம்பளம் நின்றது. எனக்குக் கடிதம் வந்தது.

அருள்மலர் அக்கா சம்பளத்தைப் பற்றி ஒரு இடமும் போய்க் கேட்கவில்லை. வீடு வீடாகப் போய் வேறொன்று கேட்கிறார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். "ஆர் பேர் குடுத்தது எண்டு தெரியுமோ? குடுத்த ஆளுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு. எங்கையோ உடம்பைக் கண்டிருக்கினம். எனக்குச் சொல்லப் பயந்துதான் பெட்டிக்குள்ள போட்டிருக்கினம். எனக்கு அவையில கோவம் இல்லை, கண்ட இடத்தை மட்டும் சொன்னாக் காணும்." பூசை முடிந்ததும் துண்டுகளை எரித்துவிடுவதால் கையெழுத்தும் பார்க்க ஏலாது. அம்மா குசினிக்குள் இருந்தார், வெளியே வரவில்லை. நான் தெரியாது என்று சொன்னேன்.

அக்கா, நான் என்ன செய்ய? உடனே எழுதுங்கள்.

கிறேஸ்

•

கொட்டாஞ்சேனை,
28.11.1992

அன்புத் தங்கை,

நீ வேலைக்குப் போகப்போகிறாய் என்று அத்தான் பால்சோறு காய்ச்சச் சொன்னார். காய்ச்சினோம். எனக்கு இப்போது மயக்கம் இல்லை. தையல் கடையை விட்டுவிட்டேன்.

முதல் நாள் நேரத்தோடு போ. சென்றியில் மினக்கெட வேண்டி வரும் என்று கணக்குப் பார்த்துப் புறப்படு. நீலச் சீலை வேண்டாம், அவர்களுக்கு அது பழகிவிட்டது. மெசினில் ரிபன் மாற்றப் பழகிக்கொள், பியோனைக் கூப்பிடாதே. சம்பளம் கைக்கு வரும்வரை எவரோடும் தேவையில்லாத கதை வேண்டாம்.

அம்மாவை ஒன்றும் கேட்காதே. அவருக்கு வயது போய்விட்டது.

மாகிறேற்

•

பாலையூற்று,
13.12.1992

அன்புள்ள அக்கா,

மயக்கம் இல்லை என்று வாசித்து எங்கள் இருவருக்கும் நிம்மதி. அம்மா பிறக்கப்போகிறதுக்குச் சட்டை தைக்கத் தொடங்கிவிட்டார்.

சீலையைப் பற்றியும் ரிபனைப் பற்றியும் எழுதினீர்கள். நான் கேட்டதற்கு ஒரு வரிகூட எழுதவில்லை. பரவாயில்லை. கடிதம் வந்து சேர முன்னரே நான் செய்து முடித்துவிட்டேன்.

முதலாம் திகதிக்கு முதல் கிழமை பேணாட் ஐயாவிடம் போனேன். அந்தப் பெயர் எங்கள் வீட்டிலிருந்து வந்தது, அருள்மலர் அக்கா கொடுக்கவில்லை என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கன நேரம் துடைத்தார். "வாசிக்கேக்கை எனக்கும் ஐமிச்சம்தான் பிள்ளை. அவள் குடுக்கமாட்டாள். ஆனா துண்டில இருந்தது, வாசிச்சிட்டன். வாசிச்சபிறகு நம்பிறது லேசாப் போச்சு. இப்ப கொழும்பில முடிவெடுத்திட்டினம். நீர் வேண்டாம் எண்டால் வேற ஆளைப் போடுவினமே ஒழிய, அவளுக்குத் திருப்பிக் குடுக்கமாட்டினம்" என்றார்.

அங்கிருந்து நேரே ஒழுங்கைக்குப் போனேன். அருள்மலர் அக்கா கடற்கரையோரச் சல்லி ஊருக்குப் போக ஆயத்தமாக நின்றார். கருவாடு போடுகிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாராம். வாசலிலேயே சொன்னேன். அம்மாதான் எழுதிப் போட்டார், நிக்கலஸ் அண்ணையைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது, வேலைக்காகத்தான் என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அப்ப ஒருத்தரும் காணேல்லையோ?" என்றார்.

"ஒருத்தரும் காணேல்லை அக்கா."

"உடம்பை? உடுப்பை?"

"ஒண்டையும் காணேல்லை."

அக்கா, அவர் சிரித்தார். கார்த்திகை முழுவதும் கறுத்துப்போயிருந்த முகம். பிள்ளைகளைக் கூப்பிட்டு, கிறேஸ் மாமிக்கு ரீ போடுங்கோ என்றார். என்னைத் திரும்பவும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார், அம்மா வெங்காயம் உரித்தது வரைக்கும் கேட்டார். பிறகு, நான் வேலைக்குப் போகமாட்டேன் என்று சொன்னபோதுதான் கோபம் வந்தது.

"விசர்க்கதை கதையாத. நீ போகாட்டி முன்பின் தெரியாத ஆரோ வந்து இருப்பினம். அவர் திரும்பி வந்து நிக்கேக்கை அவை கதிரையை விட்டு எழும்பமாட்டினம். நீ எழும்புவாய்."

ஓமென்றேன். சத்தியம் பண்ணச் சொன்னார், பண்ணினேன். சம்பளத்தில் பாதி உங்களுக்கு என்று சொல்ல வாய் வரை வந்தது. உங்கள் வயிறு நினைவுக்கு வந்தது. விழுங்கிவிட்டேன். அதை அவர் கண்டார் என்று நினைக்கிறேன், சல்லி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார்.

முதலாம் திகதியிலிருந்து போய் வருகிறேன். வேலை கஷ்டம் இல்லை. வாசலில் யாராவது உயரமான மனிதர் வந்து நின்றால் மட்டும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அவராக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் நிமிர்கிறேன். இல்லை என்று கண்டதும் வருகிற மூச்சு என்ன மூச்சு என்று எனக்கே தெரியவில்லை. அதைப் பாவசங்கீர்த்தனத்தில் எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை.

தைமாதத்திலிருந்து நீங்கள் காசு அனுப்ப வேண்டாம். சத்துள்ளதாய் வாங்கிச் சாப்பிடுங்கள், அத்தானை வெளியே போய் நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நிக்கலஸ் அண்ணை வந்தால் அன்றைக்கே எழுதுவேன். அப்போது நீங்கள் திரும்பவும் அனுப்ப வேண்டி வரும்.

உங்கள் தங்கை,
கிறேஸ்